பாடி தாண்டி – 23: அரக்கோணம் லைனில் ஒரு இயக்குநர்

எங்கள் வீட்டில் பாரிமுனைக்குக் கிளம்பும்போது அம்மா "மெட்ராசுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றுதான் சொல்வார். அம்பத்தூரில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் அரை மணி நேரத்தில் மூர்மார்க்கெட் வந்துவிடும். ஆனாலும் அது வேறு ஊர். புடவை மாற்றிக்கொண்டு போகவேண்டிய ஊர். மதுரையிலிருந்து வரும் உறவினர்கள் எங்களை "மெட்ராஸ்காரங்க" என்பார்கள். மெட்ராஸ்காரர்களோ பாடி மேம்பாலத்தைத் தாண்டினாலே கிராமம் என்பார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே எந்தப் பெயரும் இல்லாமல் வளர்ந்தவர்கள் நாங்கள்.

தமிழ் சினிமாவிலும் எங்களுக்கு இடம் இருந்ததில்லை. அங்கே கிராமம் உண்டு: ஆலமரம், பம்புசெட், பஞ்சாயத்து. நகரமும் உண்டு: மெரினா, அண்ணா சாலை, சென்ட்ரலில் மஞ்சப்பையோடு வந்து இறங்கும் நாயகன். அவன் ஏறிவந்த ரயில் கடைசி அரை மணி நேரம் எங்கள் வீடுகளுக்குப் பக்கத்தில்தான் ஓடியிருக்கும். கேமரா மட்டும் சென்ட்ரல் வந்த பிறகுதான் கண்ணைத் திறக்கும்.

2012 ஆகஸ்ட் 15 அன்று வெளியான 'அட்டகத்தி'யை அம்பத்தூரில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். கூரையும் மாடியுமாகக் கலந்து நிற்கும் தெருக்கள், பாதி வயல் பாதி பிளாட்டாகக் கிடக்கும் நிலம், பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கும் பையன்கள். எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவர் திரையைக் கைகாட்டி, "டேய், இது நம்ம ஏரியாடா" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவர் சத்தம் போடவில்லை. கோயிலில் பேசுவதுபோல மெதுவாகத்தான் சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தப் படத்தை எடுத்தவரின் ஊர் ஆவடிக்கு அருகேயுள்ள கர்லப்பாக்கம். பா. ரஞ்சித் அங்கே பிறந்தது 1982 டிசம்பர் 8 அன்று. இந்தத் தொடரில் இதுவரை தொழிற்சாலைகளையும் ஏரிகளையும் மாநாடுகளையும் பார்த்துவந்தோம். இந்த வாரம் ஒரு திரைப்பட இயக்குநரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அவர் எங்கள் பக்கத்துக்காரர் என்பது மட்டும் அல்ல. இந்த மண்ணின் வரலாற்றில் நாம் அதிகம் பேசாமல் விட்ட ஒரு பக்கத்தை அவர் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்திருக்கின்றன.

அந்தப் பக்கத்தின் பெயர் நிலம்.

ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர் எல்லாம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். செங்கற்பட்டு மாவட்டம் மிராசு உரிமை கெட்டியாக வேரூன்றிய இடம். கிராமத்து நிலம், புறம்போக்கு, குடியிருக்கும் மனை வரையில் மிராசுதார்களின் பிடிக்குள் இருந்தன. உழுபவர்களில் பெரும்பங்கினர் பறையர்கள். அவர்களில் பலருக்குத் தாங்கள் குடியிருந்த குடிசையின் அடிமண்கூடச் சொந்தமில்லை. 1891இல் மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் இதைப் பற்றி அரசுக்கு விரிவான அறிக்கை ஒன்று கொடுத்தார். அதன் விளைவாக 1892இல் அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட அந்த நிலங்களைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். பிறகு அவற்றில் எத்தனையோ ஏக்கர் கைமாறிப் போனது. சொந்த ஊரில் காலடி மண் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? கிளம்புவார்கள். கிளம்புவதற்கு வீட்டு வாசலுக்கே ஒரு வழியும் வந்திருந்தது.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய ரயில்தான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அது பெரம்பூர், ஆவடி, அரக்கோணம் வழியாகப் போனது. பம்பாய்க்கு வந்து மூன்றே ஆண்டுகளில் எங்கள் வயல் நடுவே ரயில் வந்துவிட்டது. அந்த ரயிலை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அது கூடவே ஓடும்.

ரஞ்சித் கர்லப்பாக்கத்திலிருந்து படிக்கப் போனது சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிக்கு. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி அது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த இடம். கே.சி.எஸ். பணிக்கர் படித்த, பின்பு தலைமை தாங்கிய இடமும் அதுதான். இவற்றைவிட எனக்குப் பிடித்த செய்தி வேறு. அந்தக் கல்லூரி நிற்கும் சாலைக்குப் பழைய பெயர் பூந்தமல்லி நெடுஞ்சாலை. இன்று பெரியார் பெயரில் இருக்கும் அந்தச் சாலை வழியாகத்தான் எங்கள் பக்கத்துப் பையன்கள் பல தலைமுறைகளாக 53ஆம் எண் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வந்தார்கள். பச்சையப்பன் கல்லூரியும் அதே சாலையில்தான்.

கல்லூரி நாட்களில் திரைப்பட விழாக்களில் உலகப் படங்களைப் பார்த்ததுதான் தன்னை சினிமாவின் பக்கம் திருப்பியது என்று ரஞ்சித் சொல்லியிருக்கிறார். அவர் குறிப்பிடும் படங்களில் மஜித் மஜிதியின் 'சில்ரன் ஆஃப் ஹெவன்' உண்டு. பெர்னாண்டோ மெய்ரெல்லஸின் 'சிட்டி ஆஃப் காட்' உண்டு. முதலாவது டெஹ்ரானின் எளிய குடும்பம் ஒன்றில், ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடும் அண்ணன் தங்கையின் கதை. இரண்டாவது ரியோ டி ஜெனீரோவின் ஓரத்தில், ஏழைகளைக் கொண்டுபோய் வைத்த குடியிருப்பின் கதை. இரண்டிலும் மாளிகையோ அழகிய கடற்கரையோ நடுவில் இல்லை. ஊரின் ஓரத்தில் இருப்பவர்களே படத்தின் மையத்தில் நிற்கிறார்கள். ஆவடிப் பக்கத்திலிருந்து வந்த ஓவிய மாணவனுக்கு அது எவ்வளவு பெரிய அனுமதியாக இருந்திருக்கும் என்பதை என்னால் உணர முடிகிறது. உன் தெருவையும் வரையலாம் என்று ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறதல்லவா!

அதன் பிறகு உதவி இயக்குநர் வாழ்க்கை. 'தகப்பன்சாமி'யில் தொடங்கி, வெங்கட் பிரபுவின் 'சென்னை 600028'இல் வேலை. அந்தப் படத்துக்குக் காட்சிகளை ஸ்டோரிபோர்டாக வரைந்து கொடுத்தவர் ரஞ்சித். ஒரு தெரு கிரிக்கெட் டீமை நம்பி முழுப் படத்தை எடுக்க முடியும் என்று 2007இல் காட்டிய படம் அது.

சி.வி. குமாரின் திருக்குமரன் என்டர்டெயின்மென்ட்டுக்கு முதல் தயாரிப்பு 'அட்டகத்தி'. சந்தோஷ் நாராயணனுக்கு இசையமைப்பாளராக முதல் படம். கானா பாலாவின் குரல் தமிழ்நாடெங்கும் போய்ச் சேர்ந்தது இந்தப் படத்தின் பாடல்களால்தான். தினேஷ், நந்திதா, ஐஸ்வர்யா ராஜேஷ் என்று அன்று அதிகம் அறியப்படாத முகங்கள். முடிந்த படத்தை ஞானவேல் ராஜாவின் ஸ்டுடியோ கிரீன் வாங்கி வெளியிட்டது.

கதை என்று பார்த்தால் சின்னதுதான். தினகரன் பிளஸ் டூவில் இங்கிலீஷில் ஃபெயில். டுடோரியலுக்குப் போகிறான், வருகிறான். பஸ்ஸில் பார்க்கும் பெண்களிடம் காதலைத் தேடுகிறான். கல்லூரி சேர்ந்தபின் பஸ் 'ரூட் தல'யாகிறான். கடைசியில் அவன் நேசித்த பூர்ணிமாவின் மனதில் இருப்பது வேறொரு தினகரன். இங்கிலீஷில் ஃபெயிலாவது என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் புரியும். மற்ற பாடமெல்லாம் பாஸ், அந்த ஒரு பேப்பர் மட்டும் நிற்கும். செப்டம்பரில் எழுதி, மார்ச்சில் எழுதி, மறுபடியும் செப்டம்பரில் எழுதி, அதற்குள் கூடப்படித்தவன் கம்பெனியில் பெர்மனென்ட் ஆகியிருப்பான். அந்த அவமானத்தை அழுகையாக்காமல், பையன்களின் கேலியும் அம்மாவின் சோறும் அப்பாவின் குடியும் சேர்ந்த ஒரு சாதாரண நாளாக ரஞ்சித் காட்டினார்.

அந்த வீடு எந்தச் சாதியின் வீடு என்று படத்தில் யாரும் அறிவிப்பதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தமிழ் சினிமாவில் அதுவரை தலித் வீடு என்றால் தீப்பிடிக்கும், அல்லது யாராவது வந்து காப்பாற்றுவார்கள். இங்கே அந்த வீட்டுப் பையன் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொள்கிறான், ஒருதலைக் காதலில் விழுகிறான், எழுகிறான். இப்படி ஒரு சந்தோஷமான படத்தை முதல் படமாக எடுத்தது பெரிய துணிச்சல் என்பது என் எண்ணம். பிறகு அவர் எடுத்த கோபமான படங்களைவிடவும் பெரிய துணிச்சல் என்றுகூடச் சொல்வேன்.

2014 செப்டம்பர் 26 அன்று 'மெட்ராஸ்' வந்தது. தலைப்பைப் பார்த்ததுமே என் அம்மாவின் "மெட்ராசுக்குப் போயிட்டு வந்துடறேன்" ஞாபகம் வந்தது. அரக்கோணம் லைன்காரனுக்கு மெட்ராஸ் எங்கே தொடங்குகிறது? வில்லிவாக்கம் வரை நம்ம ஊர். பெரம்பூர் லோகோ, கேரேஜ் என்று பட்டறைகள் வரும். அதைத் தாண்டி வியாசர்பாடி ஜீவா வந்ததும் வீடுகள் ஜன்னலுக்கு அருகே நெருங்கி வரும். காயும் துணி, டிவி வெளிச்சம், மாடியில் கேரம் விளையாடுபவர்கள். எங்கள் கண்ணுக்கு மெட்ராஸ் முதலில் வியாசர்பாடியாகத்தான் தெரியும். ரஞ்சித்தும் தன் மெட்ராஸை அங்கேதான் வைத்தார்.

அந்தப் படத்தின் நாயகன் கார்த்தியா, சுவரா என்று கேட்டால் நான் சுவர் என்றுதான் சொல்வேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒரு பெரிய சுவர். அதில் ஓர் அரசியல்வாதியின் முகம். அந்தச் சுவர் யாருக்கு என்பதில் இரண்டு கோஷ்டிகள் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொள்கின்றன. எங்கள் பக்கத்தில் தேர்தல் வருகிறது என்பதை முதலில் சொல்வது சுவர்தான். தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே ஒருவர் சுண்ணாம்பு வாளியோடு வருவார். சுவர் முழுக்க ஒரு கோட்டு அடிப்பார். காய்ந்ததும் ஓரத்தில் கட்சிப் பெயர், ஆண்டு, கூடவே 'ரிசர்வ்டு' என்ற ஒரு வார்த்தை. வீட்டுக்காரரைக் கேட்பதில்லை. எழுதியபின் வேறு கட்சிக்காரர் தொட்டால் ரகளை. சின்ன வயதில் எங்கள் தெருமுனைச் சுவரில் ஓர் ஓவியர் முதலில் கட்டம் போட்டு, மூக்கைத் தொடங்கி, கண்ணை வரைந்து, கடைசியாகக் கண்மணியில் வெள்ளைப் புள்ளி வைத்ததை ஸ்கூலுக்குப் போகாமல் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் புள்ளி விழுந்ததும் முகம் நம்மையே பார்க்கத் தொடங்கிவிடும். நாமெல்லாம் கடந்துபோகும் அந்தச் சுவரில் அதிகாரம் எப்படி வந்து உட்காருகிறது என்பதை ரஞ்சித் கண்டுகொண்டார். கவின்கலைக் கல்லூரியில் வரையக் கற்ற ஒருவர் சுவரைக் கதையின் நடுவில் நிறுத்தியதில் வியப்பில்லை.

இரண்டே படங்கள் எடுத்திருந்தவரை ரஜினிகாந்த் அழைத்தார். கலைப்புலி தாணு தயாரித்த 'கபாலி' 2016 ஜூலை 22 அன்று உலகமெங்கும் வெளியானது. விமானத்தில் போஸ்டர் வரைந்த கதையெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது கபாலியின் ஊர். மலேசியாவின் ரப்பர் தோட்டத்துத் தமிழர்களின் வாரிசு அவன்.

இந்த இடத்தில் ஒரு முடிச்சைப் போடுகிறேன். இது என் முடிச்சு. ஆவடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1955 காங்கிரஸ் மாநாட்டைச் சொல்வார்கள். 1961இல் வந்த டாங்கி தொழிற்சாலையைச் சொல்வார்கள். இந்தத் தொடரிலும் அவற்றுக்குத் தனித்தனி அத்தியாயங்கள் எழுதினேன். அதற்கெல்லாம் முன்னால், வெள்ளைக்காரர் காலத்தில், ஆவடி வேறொரு காரணத்துக்காகக் கடல் கடந்து பெயர் பெற்றிருந்தது. மலேயா தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதற்குத் தமிழகத்தில் இருந்த முகாம்களில் ஒன்று நாகப்பட்டினத்தில், இன்னொன்று ஆவடியில். கங்காணி கிராமத்திலிருந்து அழைத்து வந்தவர்களை முகாமில் சேர்ப்பார். மருத்துவப் பரிசோதனை நடக்கும், அம்மை குத்துவார்கள், பெயர் பதிவார்கள். பிறகு கப்பல், பினாங்கோ, போர்ட் ஸ்வெட்டன்ஹாமோ. 1938இல் இந்திய அரசு இந்த ஆள் அனுப்புதலை நிறுத்தும்வரை எத்தனை குடும்பங்கள் கடைசியாகத் தமிழ் மண்ணில் உண்ட சோறு முகாம் சோறாக இருந்திருக்கும்! போனவர்களில் கணிசமானோர் நிலமற்ற தலித்துகள். ஆவடிக்குப் பக்கத்து ஊரில் பிறந்த ஒரு கலைஞர், அந்த மக்களின் பேரன் ஒருவனைக் கோட்டு சூட்டு போட்டுத் திரையில் உட்காரவைத்தார். கபாலி ஏன் கோட்டு போடுகிறான் என்பதற்குப் படத்திலேயே பதில் உண்டு. காந்தி சட்டையைக் கழற்றியதிலும் அம்பேத்கர் கோட்டு போட்டதிலும் இருக்கும் அரசியலை அவன் பேசுகிறான். சிறையில் அவன் கையில் இருந்த புத்தகம் ஒய்.பி. சத்யநாராயணா எழுதிய 'மை ஃபாதர் பாலையா'. அது தெலங்கானாவின் ஒரு தலித் குடும்பம் ரயில்வே வேலையால் மேலேறிய கதை. இங்கேயும் ரயில்.

2018 ஜூன் 7 அன்று 'காலா'. தனுஷின் வுண்டர்பார் தயாரிப்பு. மீண்டும் ரஜினி. திருநெல்வேலியிலிருந்து மும்பை தாராவிக்குப் போய் வேர்பிடித்த குடும்பத்தின் தலைவன் கரிகாலன். 1871இல் சென்னை ரயில் பாதை ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. அதற்குப் பிறகு பம்பாய் போன தமிழர்கள் ஏறிய வண்டிகளில் எத்தனையோ அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியாக அரக்கோணம் போய்த்தான் திரும்பின.

காலாவின் சண்டை நிலத்துக்கானது. கட்டிடக்காரர்கள் வந்து தாராவியை ஒழுங்குபடுத்தித் தருகிறோம் என்கிறார்கள். மக்கள் நகர மறுக்கிறார்கள். படத்தின் முடிவில் கருப்பும் சிவப்பும் நீலமுமாகப் பொடி காற்றில் எழும்பித் திரையை மூடிவிடும். எனக்குத் தெரிந்து தமிழ் வணிக சினிமாவில் சண்டைக் காட்சி ஒன்று ஓவியமாகவே மாறிய தருணம் அது.

அந்தத் தாராவியின் பெரும்பகுதி எங்கே எழுந்தது தெரியுமா? பூந்தமல்லிக்கு அப்பால், செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில். ஒருகாலத்தில் தீம் பார்க்காக எங்கள் குழந்தைகள் ராட்டினம் ஏறிய இடம். வடபழனி, கோடம்பாக்கம் ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபமாகவும் ஆஸ்பத்திரியாகவும் அடுக்குமாடியாகவும் மாறிய பிறகு, பெரிய செட் போட இடம் தேடி சினிமா மேற்கே நகர்ந்தது. பூந்தமல்லிச் சுற்றுவட்டாரத்தில் கார்பென்டர், வெல்டர், லைட்மேன் என்று பலருக்கு அதனால் வேலை. அதற்கு விலையும் உண்டு. காலா படப்பிடிப்பின்போது 2017இல் அங்கே ஒரு தொழிலாளர் மின்சாரம் தாக்கி இறந்தார். 2020 பிப்ரவரி 19 இரவு 'இந்தியன் 2' செட்டில் கிரேன் விழுந்து மூன்று பேர் போனார்கள். திரையில் பெயர் ஓடும்போது எழுந்து போய்விடும் நாம், அந்தப் பெயர்களுக்காகக் கொஞ்சம் உட்காரலாம்.

நிலத்தைப் பற்றிய பேச்சு ரஞ்சித்தைத் திரைக்கு வெளியேயும் விடவில்லை. 2019 ஜூனில் திருப்பனந்தாளில் நடந்த ஒரு கூட்டத்தில், ராஜராஜ சோழன் காலத்தில் தலித்துகளின் நிலம் பறிபோனது என்று அவர் பேசியதற்காக வழக்குப் பதிவானது. சோழர் காலத்து நில உறவுகள் பற்றி அறிஞர்கள் பலவாறு எழுதியிருக்கிறார்கள். அந்த விவாதம் நடக்கட்டும், நடக்க வேண்டும். ஆனால் செங்கற்பட்டு மண்ணில் பிறந்தவர் நிலத்தைப் பற்றிக் கேள்வி கேட்டதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

அதே ஆண்டுகளில்தான் அவர் தனி இயக்குநர் என்ற நிலையிலிருந்து ஓர் இயக்கமாக விரிந்தார். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடை ஏறியது. கானா, பறை, ராப் எல்லாம் ஒரே மேடையில். சாதிபேதமற்ற என்று அயோத்திதாசப் பண்டிதர் நூறாண்டுக்கு முன் பயன்படுத்திய சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இசையமைப்பாளர் டென்மா வழிநடத்திய அந்தக் குழுவில் பாடிய இசைவாணியை 2020இல் பிபிசி உலகின் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கிவைத்த கானாவை ஒரு பெண் மேடையில் நின்று பாடியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. எங்கள் தெருவில் கானா பாடும் அண்ணன்கள் இருந்தார்கள். கானா பாடும் அக்காவை நான் கண்டதில்லை.

'கூகை' என்ற பெயரில் உதவி இயக்குநர்களுக்கு நூலகம் ஒன்றும் அமைந்தது. வாய்ப்புக்காக அலையும் ஒருவருக்கு, பகலில் உட்கார்ந்து படிக்க ஒரு நாற்காலியும் ஃபேனும் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலை 22 அன்று, கொரோனாவால் தியேட்டர்கள் முடங்கியிருந்த காலத்தில், அமேசான் பிரைமில் வந்தது. எழுபதுகளின் வடசென்னைக் குத்துச்சண்டை, நெருக்கடி நிலை, தி.மு.க. ஆட்சிக் கலைப்பு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய கதை. தமிழ்ப்பிரபாவோடு சேர்ந்து எழுதியது. பசுபதி நடித்த ரங்கன் வாத்தியாரைப் பற்றி மட்டுமே ஓர் அத்தியாயம் எழுதலாம். ஆனால் அது கடற்கரைப் பக்கத்துக் கதை. இந்தத் தொடர் பாடிக்கு இந்தப் பக்கம். மறு ஆண்டு வந்த 'நட்சத்திரம் நகர்கிறது' காதலையும் சாதியையும் ஒரு நாடகக் குழுவுக்குள் வைத்துப் பேசியது. வசனம் சற்று அதிகமான படம் என்பது என் கருத்து. அதன் நாயகி ரெனேவை மறக்க முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

'தங்கலான்' வெளியானது 2024 ஆகஸ்ட் 15 அன்று. 'அட்டகத்தி' வந்த அதே தேதி, சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. முதல் படத்தை வெளியிட்ட ஸ்டுடியோ கிரீன்தான் இதையும் தயாரித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வட ஆர்க்காட்டுக் கிராமம். விக்ரம் நடித்த தங்கலானின் துண்டு நிலம் வரிபாக்கியைக் காட்டி அவன் கையிலிருந்து பறிபோகிறது. தங்கம் தேடும் வெள்ளைக்காரரோடு அவனும் ஊர்மக்களும் கோலார்ப் பக்கம் கிளம்புகிறார்கள். படத்தில் அவர்கள் நடந்து போகிறார்கள். நிஜத்தில் பின்னாளில் ரயில் வந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864இல் பாதை திறந்தது. 1880 வாக்கில் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் சுரங்கம் தொடங்கியபின் வட ஆர்க்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பங்காருப்பேட்டை போய் இறங்கினார்கள். அந்தச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அங்கே ரிட்டையரான ஒரு பெரியவர் எங்கள் கொரட்டூரில் மகன் வீட்டில் இருந்தார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து இருமிக்கொண்டே இருப்பார். கோலார் எப்படி இருக்கும் தாத்தா என்று கேட்டால், கையைத் தரையை நோக்கிக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். 'தங்கலான்' பார்த்த அன்று இரவெல்லாம் அந்தக் கைதான் கண்முன் நின்றது.

மலேயா, தாராவி, கோலார். வரைபடத்தில் எங்கெங்கோ கிடக்கும் ஊர்கள்தான். ஆவடி முகாமையும் ஆவடி வழியாகப் போன தண்டவாளத்தையும் வைத்துப் பார்த்தால் அவை ஒரே கதையின் மூன்று துண்டுகள். ரஞ்சித் படங்களின் நாயகர்களில் பலர் நிலம் பறிபோய் ரயிலோ கப்பலோ ஏறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். போன இடத்திலும் அவர்கள் கேட்பது காலடி மண். கர்லப்பாக்கத்துக்காரர் ஒருவருக்கு இதைச் சொல்லித்தர ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தேவைப்பட்டிருக்காது.

நீலம் புரொடக்ஷன்ஸ் வழியாக மற்றவர்களுக்கு அவர் திறந்துவிட்ட கதவுகளையும் சொல்லியாக வேண்டும். 2018இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்'. 2019இல் அதியன் ஆதிரையின் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு'. காயலான் கடைத் தொழிலாளர்களின் உலகத்தை அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய படம் வேறு எனக்குத் தெரியாது. பிறகு ஃபிராங்க்ளின் ஜேக்கப்பின் 'ரைட்டர்', தமிழின் 'சேத்துமான்'. 2024 ஜனவரி 25 அன்று ஜெயக்குமாரின் 'ப்ளூ ஸ்டார்'. கடைசியாகச் சொன்ன படத்தின் களம் அரக்கோணம். தொண்ணூறுகளின் இரண்டு கிரிக்கெட் டீம்கள், ஒன்று காலனி டீம், மற்றது ஊர் டீம். எங்கள் லைன் போய்முடியும் ஊருக்கும் இப்போது ஒரு படம் இருக்கிறது.

சென்ற மாதம் இரவு எட்டரை மணி வாக்கில் மூர்மார்க்கெட்டில் திருவள்ளூர் லோக்கல் பிடித்தேன். சொந்தக்காரர் வீட்டுக்குப் புட்லூர் போகவேண்டியிருந்தது. பெரம்பூரில் ஏறிய ஒரு பையன், கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் ஐடி கார்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தான். ஃபோனைச் செங்குத்தாக டிபன் பாக்ஸின் மேல் சாய்த்து வைத்து 'ப்ளூ ஸ்டார்' பார்த்தான். அம்பத்தூரில் பெருங்கூட்டம் ஏறியது. ஆவடியில் பாதி இறங்கியது. அவன் தலை நிமிரவே இல்லை. இந்து காலேஜ் போனது, பட்டாபிராம் போனது. திடீரென்று ஜன்னலைப் பார்த்துப் பதறினான்.

"அண்ணே, திருநின்றவூர் போயிடுச்சா?"

"இன்னும் இல்லப்பா. இப்பதான் நெமிலிச்சேரி."

படத்தை நிறுத்தி, ஃபோனைச் சட்டைப் பைக்குள் வைத்து, டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றான்.

(தொடரும்)